தானே ஓடும் மோட்டார்

கம்ப்யூட்டர் மறுபடியும் செத்தது. இந்த முறை புது ஆபரேட்டிங் சிஸ்டம் அறுபத்து மூன்று சதவீதம் வரை ஏறிய பிறகு, ராதிகாவுக்குக் கொஞ்சம் ஆசை காட்டிவிட்டுத்தான் செத்தது. திரை கறுத்தது, பெட்டிக்குள் விசிறி ஒருதரம் முனகியது, பிறகு ஒன்றும் நடக்காதது போல எழுந்து உட்கார்ந்து, ஓஎஸ் ஏறவில்லை, முதலிலிருந்து தொடங்கவும் என்று நீலத் திரையில் மன்னிப்புக் கேட்டது. மன்னிப்புக்கு மட்டும் குறைச்சலே இல்லை. ஏன் ஏறவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லாது.

ராதிகாவுக்கு எரிச்சல்கூட வரவில்லை. அப்பா போனதிலிருந்து எதுவும் வருவதில்லை. எல்லாரும் மாரில் அடித்துக்கொண்டு அழுதபோது அவள் பந்தல்காரனுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தாள். காரியத்தன்று வந்தவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்தாள். நெஞ்சுக்குள் பஞ்சை அடைத்து வைத்தது போல இருந்தது, அவ்வளவுதான். பென் டிரைவைப் பிடுங்கி, ஊதி, மறுபடி சொருகினாள்.

திங்கட்கிழமைக்குள் இந்த ஓஎஸ் ஏறியாக வேண்டும். ஓசூர் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. சொந்தக் கம்ப்யூட்டர் இருந்தால் வீட்டிலிருந்தே பார்க்கலாம், இல்லாவிட்டால் ஓசூரில் ஹாஸ்டலுக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் கொடுத்த சாப்ட்வேர் பழைய ஓஎஸ்ஸில் ஓடாது. ஓசூர் ஒன்றும் அமெரிக்கா இல்லைதான். ஆனால் அம்மாவை என்ன செய்வது? இண்டூரைத் தாண்டி, விவசாயக் காட்டுக்கு நடுவில் ஒற்றை வீடு. அம்மா அமுதவல்லி இப்போதெல்லாம் தட்டில் போட்டுக் கையில் கொடுத்தால் சாப்பிடுவாள், கொடுக்காவிட்டால் கேட்க மாட்டாள். காலையில் வாசற்படியில் உட்கார்ந்தால் பொழுது சாயும் வரை காட்டைப் பார்த்தபடி அங்கேயே இருப்பாள். அவளை விட்டுவிட்டுப் போனால் பட்டினி கிடந்தே செத்துப் போவாள் என்பதில் ராதிகாவுக்குச் சந்தேகமே இல்லை.

முந்தாநாள் கம்ப்யூட்டர் பெட்டியைப் பழைய சேலையில் சுற்றி, டவுன் பஸ்ஸில் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு தர்மபுரிக்குப் போயிருந்தாள். கம்ப்யூட்டர் கடை சந்துரு ராம் கார்டைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்தான், ஹார்ட் டிஸ்க்கைச் சோதித்தான், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அவனே ஓஎஸ்ஸும் போட்டுக் கொடுத்தான். கடையில் சமர்த்தாக ஓடியது. வீட்டுக்கு வந்து அப்டேட் ஏறிக்கொண்டிருக்கும்போது படுத்துக்கொண்டது. அதிலிருந்து அவளே அவன் கொடுத்த பென் டிரைவை வைத்துப் போராடிக்கொண்டிருக்கிறாள். ஒருதரம் இருபதில் நின்றது, ஒருதரம் தொண்ணூறைத் தொட்டுவிட்டு நின்றது.

போனில் சந்துருவைப் பிடித்தாள்.

"அண்ணா, மறுபடியும் அதே கததாங்க."

"இங்க நல்லா ஓடுச்சே பாப்பா. உங்க வூட்டுக்கு வந்தா மட்டும் அதுக்கு என்ன வருது? யூபிஎஸ் இருக்குதா?"

"பேட்டரி போயிருச்சுங்க. நேரா சுவத்துலதான் சொருகியிருக்கேன்."

"அப்படிச் சொல்லு. நிக்கறப்ப லைட்டு மங்குதா?"

"பாக்கலீங்க."

"அடுத்த வாட்டி திரையப் பாக்காத. லைட்டப் பாரு."

மறுபடி தொடங்கினாள். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, வேலை வெட்டி இல்லாதவள் மாதிரி டியூப் லைட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்து வலித்தது. சதவீதம் எவ்வளவு ஆனதென்று தெரியாது. திடீரென்று லைட் சுருங்கி, துடித்து, மறுபடி எரிந்தது. முதுகுக்குப் பின்னால் விசிறி முனகியது. கூடவே காட்டுப் பக்கமிருந்து ஒரு சத்தம் எழுந்தது. பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம், அதனால்தான் காதில் விழவில்லை. போர்வெல் மோட்டார் எடுத்து ஓடத் தொடங்கியிருந்தது.

அப்பா அர்ச்சுனனுக்கு முழங்கால் வலி வந்த பிறகு, நடக்க முடியாமல் ஸ்டார்ட்டரை ஆட்டோவில் போட்டு வைத்திருந்தார். பகலில் மட்டும் விடும் மூணு பேஸ் கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடும். போரில் தண்ணீர் வற்றினால் தானாக நிற்கும், கொஞ்சம் ஊறியதும் தானாக எடுக்கும். பகலெல்லாம் இதே வேலை. எடுக்கும்போதெல்லாம் லைனின் கடைசியில் இருக்கும் இந்த வீட்டின் கரண்டை ஒரு இழு இழுத்துவிடும். டியூப் லைட் தாங்கிக்கொள்கிறது, கம்ப்யூட்டர் தாங்கவில்லை.

மரவள்ளிக் குச்சிக்கிழங்கு பிடுங்கி எத்தனையோ நாளாகிவிட்டது. வெறும் காட்டுக்குத்தான் அது தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தது. தண்ணீர் தன் சாமந்திக்குள் புகுந்து வேர் அழுகுவதாகப் பக்கத்துக் காட்டுச் சின்னராஜ் வந்து சொல்லிவிட்டுப் போனார். துக்க வீடு என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு மரியாதையாகத்தான் சொன்னார். "நிறுத்திப்புடறேங்க" என்றாள் அம்மா. நிறுத்தவில்லை. ராதிகாவும் ஏனென்று கேட்கவில்லை. அந்த வீட்டில் யாரும் யாரையும் எதுவும் கேட்காத காலம் அது.

போனில் சந்துரு விஷயத்தைக் கேட்டுச் சிரித்தான். "மூணு பேஸ் போன பொறவு போட்டா ஏறிரும். ஆனா திங்கக்கெழம பகல்ல வேல பாக்கறப்ப திரும்ப இதே கததான். மோட்டார நிறுத்திப்புடு பாப்பா."

பின்வாசல் வழியாகப் போனாள். ஈரக் களிமண்ணில் செருப்பு மாட்டிக்கொண்டது, கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். மோட்டார் கொட்டகையில் அப்பாவின் துண்டு ஆணியில் தொங்கியது. அதைப் பார்த்தாள், அப்போதும் ஒன்றும் வரவில்லை. ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து ஆட்டோ சுவிட்சைக் கீழே தள்ளி, சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். மோட்டார் சத்தம் இறங்கிக்கொண்டே போய் நின்றது. குழாயில் மிச்சத் தண்ணீர் கொட்டியது, அதுவும் நின்றது.

திரும்பி வந்து ஓஎஸ்ஸைத் தொடங்கினாள். முப்பதைத் தாண்டியது. அறுபத்து மூன்றையும் தாண்டியது. தொண்ணூறில் இருக்கும்போது அம்மா உள்ளே வந்தாள். தானாக எழுந்து வந்திருந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கரண்டு போயிருச்சா?"

"இல்லம்மா, இருக்குது."

"மோட்டாரு எடுக்கலயே."

"நாந்தாம்மா நிறுத்துனேன். அது எடுக்கறப்பல்லாம் கம்ப்யூட்டரு நின்னு போவுது. இது ஏறலன்னா நான் ஓசூருக்குப் போவணும். உன்ன உட்டுட்டு எப்படிம்மா போவேன்?"

அமுதவல்லி திரையையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். காது மட்டும் காட்டுப் பக்கமே இருந்தது.

"மோட்டாரு ஓடற வரைக்கும் அவரு காட்டுல நிக்கறாருன்னு உக்காந்திருந்தேன்" என்றாள். "தண்ணி கட்டிட்டு வந்துருவாருன்னு. புத்தி கெட்டுப் போவல, தெரியும் எனக்கு. ஆனாலும் அப்படி உக்காந்திருந்தேன்."

பெட்டி அதுபாட்டுக்கு ஓடி, நூறைத் தொட்டு, எந்த மொழி வேண்டும் என்று கேட்டது.

"அப்ப போயிட்டாரா கண்ணு?" அம்மா கேட்டாள். பஸ் போய்விட்டதா என்று கேட்பது போலத்தான் கேட்டாள்.

துக்கத்துக்கு வந்தவர்களுக்கும், கம்பெனிக்காரர்களுக்கும், சந்துருவுக்கும்கூட ராதிகா அந்தப் பதிலைச் சொல்லியிருக்கிறாள், நாக்குத் தடுமாறாமல். அம்மாவிடம் மட்டும் சொன்னதில்லை.

"போயிட்டாரும்மா" என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது தெரிந்தது போலிருந்தது. ஆணியில் தொங்கிய துண்டை அவர் இனி வந்து எடுக்கப் போவதில்லை. நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து, அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு, பக்கத்துக் காட்டில் பூப்பறிக்கும் பெண்கள் நிமிர்ந்து பார்க்கும் அளவுக்குக் கத்தி அழுதாள்.