அரை நாள் அறை

பெண்டாட்டிதான் என்று நம்புவதற்கு நாலணா கூடக் கேட்டார் லாட்ஜ்காரர் அய்யாத்துரை.

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்புறச் சந்தில், செல்லக்கனி லாட்ஜிங்கின் மேசைக்கு முன்னால் மஜீது நின்றுகொண்டிருந்தான். தோல் கிடங்கில் கட்டுத் தூக்குகிறவன். காலையில் குழாயடியில் மூன்று தரம் சோப்புப் போட்டுக் குளித்திருந்தான். அப்படியும் உப்புத் தோலின் வாடை கழுத்து மடிப்பில் எங்கோ பதுங்கியிருந்து, நிழலுக்கு வந்ததும் வெளியே வந்தது. அவனுக்குப் பின்னால் வாசற்படியில், வெள்ளைத் துப்பட்டியை முகம்வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு சாபிரா நின்றாள்.

"நிக்காலே போட்டாவா புட்ச்சாங்க? அத்தோ நிக்கிது. நீயே கேட்டுக்க."

"நான் எதுக்குவே கேக்கணும்? கேட்டா ஆமான்னுதான் சொல்லும். நாளைக்குப் போலீசு வந்தா நீரு ஓடிருவீரு, நான் எங்க ஓட? நாலணாவ வையும். நம்பிருதேன்."

அறைக்குப் பன்னிரண்டணா, நம்பிக்கைக்கு நாலணா. மஜீது ஒரு முழு ரூபாயை மேசையில் வைத்தான். பகல் பன்னிரண்டிலிருந்து நாலு மணிவரை.

கலியாணமாகி ஐந்து மாதம். தண்டையார்பேட்டையில் அவன் வீடு ஒரே அறை. அம்மா, அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள் மூன்று, தங்கச்சி, இவர்கள் இரண்டு பேர். ஒன்பது பேருக்கும் ஒரு விளக்கு. முதல் வாரம் குறுக்கே ஒரு பழைய சேலையைக் கட்டித் தொங்கவிட்டார்கள். எட்டாம் நாள் அண்ணி அதைப் பிள்ளைக்குத் தூளி கட்ட எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு மஜீது தெருவில் கயிற்றுக் கட்டிலில் படுத்தான். சாபிரா உள்ளே, அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் நடுவில். பக்கத்தில் இருந்தும் கிட்டே போக முடியாத இந்தப் பாடு அவனை அரித்தெடுத்தது. கிடங்கில் கட்டைத் தோளில் ஏற்றும்போதுகூட அவள் நினைப்புத்தான். இரண்டு நாள் இரட்டை வேலை பார்த்துக் காசு சேர்த்தான். தர்காவுக்குப் போய் வருகிறோம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, முதன்முறையாகப் பொய்யையும் பெண்டாட்டியையும் சேர்த்து அழைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தான்.

மாடியில் கடைசி அறை. கட்டில் இருந்தது, மெத்தை இல்லை. அதற்கு இரண்டணா தனி. அய்யாத்துரையே மூச்சு வாங்க மெத்தையைத் தூக்கி வந்து போட்டுவிட்டுப் போனார். சுவர் முழுக்க மூட்டைப்பூச்சியை நசுக்கித் தேய்த்த பழுப்புக் கோடுகள். தாழ்வாரத்தைப் பார்த்த ஒரு ஜன்னல், அதற்கு மரச்சட்டக் கதவு. மஜீது வாசற்கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ப்பாளைத் தடவினான். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு ஓட்டைகள்தான் இருந்தன.

"யோவ், தாப்பா எங்கய்யா?" என்று எட்டிக் கத்தினான்.

"சாத்தி வச்சா போதும்வே! காத்துக்குத் தொறக்காது!"

சாபிரா நாலு மூலையையும் பார்த்தாள். குனிந்து கட்டிலுக்கு அடியில்கூடப் பார்த்தாள்.

"இங்க யாருன்னா வருவாங்களா?"

"ஒருத்தரும் வரமாட்டாங்க."

"மெய்யாலுமா?"

"நாலு மணி வரிக்கும்."

துப்பட்டியைக் கழற்றி மெத்தைமேல் விரித்து உட்கார்ந்தாள். மஜீது கதவு திறந்துகொள்ளாமல் இருக்க ஒரு காகிதத்தை மடித்து இடுக்கில் செருகினான். நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் மடித்தான். அதைத் தட்டி இறுக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டே திரும்பியபோது அவள் தூங்கிப்போயிருந்தாள்.

சும்மா கண்ணசந்தது இல்லை. வாய் திறந்து, ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்க, அடித்துப் போட்டதுபோல். குறட்டைகூட வந்தது. குழாயடியில் இடம் பிடிக்க விடியுமுன் மூன்று மணிக்கு எழுகிறவள் அவள்.

முதலில் அவனுக்குக் கோபம்தான் வந்தது. ரூபா ரெண்டணா கொடுத்துத் தூங்குவதற்கா வந்தோம்? அறைக்குள் இரண்டு நடை நடந்தான். ஹார்பர் பக்கம் கப்பல் ஊதியது. எழுப்பிவிடலாம் என்று போய் அவள் கால் கட்டைவிரலைத் தொட்டான்.

சாபிரா வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டாள். கண் திறக்கவில்லை. "தோ எய்ந்துட்டேன் மாமி" என்றாள்.

மஜீது கையை எடுத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் அந்தக் கையை எங்கே வைப்பது என்றே அவனுக்குத் தெரியவில்லை. பிறகு போய்க் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தான்.

கதவு முதுகில் இடித்தது. அய்யாத்துரை, ஒரு வாளித் தண்ணீரோடு. "பொம்பள வந்த ரூமுக்குத் தண்ணி வைக்கணும். ஓரணா." இடுக்கு வழியாகக் காசைக் கொடுத்தான். வாளியைக் காலாலேயே உள்ளே தள்ளினார். பாதி சிந்தியது; மீதியில் துரு மிதந்தது. கால்மணி கழித்து மறுபடியும் முதுகில் இடித்தது. இந்தத் தடவை பனையோலை விசிறி, அரையணா. வேண்டாமென்றால் சத்தம் போடுவார் என்று அதற்கும் கொடுத்தான். மூட்டைப்பூச்சி லுங்கிக்குள் ஏறியது. விசிறியை அவள் பக்கமாக ஆட்டிக்கொண்டு, நேரம் போகிறதே, போகிறதே என்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தான்.

மூன்றரைக்கு மூன்றாவது இடி. மஜீது வெளியே வந்து கதவைச் சாத்திப் பிடித்துக்கொண்டான்.

"ரயிலடிலேர்ந்து பார்ட்டி வருது. நாலுக்குக் காலி பண்ணும். இல்லன்னா முழு நாளு வாடக."

"மெதுவா பேசுய்யா. தூங்குது."

"தூங்குதா?" அய்யாத்துரை அவனை மேலும் கீழும் பார்த்தார். "இதுக்காவே இம்புட்டுச் செலவு?"

மஜீது மடியைத் தடவிப் பார்த்தான். இடுப்பில் இரண்டணாதான் மிச்சம். அய்யாத்துரையின் பார்வை அவன் தோளில் போய் நின்றது. தாழ்வாரக் கோடியில் இருந்த பெரிய இரும்புப் பீப்பாயை முகவாயால் காட்டினார்.

"தண்ணி ஊத்துத பய இன்னைக்கு வரல. பார்ட்டிக்கு வேற ரூமு ஒதுக்கிருதேன். கீழ கொழாயிலேர்ந்து முப்பது நடை அடிச்சு அதை ரொப்பும். ஆறு மணி மட்டும் இருந்துக்கிடும்."

"இருவது."

"இருவத்தஞ்சு. உப்பு மூட்டயாட்டம் இருக்கீரு, அஞ்சு நடைக்கு அழுவுதீரே."

கதவுக்குப் பூட்டு கேட்டான். பூட்டு ஓரணா. வெளிப்பக்கத்து நாதாங்கியில் பூட்டிவிட்டுச் சட்டையைக் கழற்றிப் படிக்கட்டு ஆணியில் மாட்டினான். லாட்ஜுக்கு வந்த ஆள் என்ற தோரணை அந்த ஆணியோடு போயிற்று. மண்ணெண்ணெய் டின்னைக் குழாயில் நிரப்பி, தோளில் ஏற்றி, படி ஏறினான். இதைத்தானே ஆயுசு முழுக்கச் செய்கிறோம் என்று தோன்றியது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அந்த அறையைத் தாண்டும்போது காலை ஒத்தி ஒத்தி வைத்தான். குறட்டை கேட்டது. அடுத்த நடைக்கும் கேட்டது. டின் கனக்கவில்லை.

பதினைந்தாவது நடையில் ஜன்னல் திறந்திருந்தது. கம்பிக்கு நடுவிலிருந்து குவித்த கை ஒன்று வெளியே நீண்டிருந்தது.

"ஏம்பா தண்ணிக்காரரே! குடிக்க ஒரு சொட்டு வெக்கல உள்ள. துட்டு மட்டும் வாங்கத் தெரியிதில்ல?"

மஜீது நின்றுவிட்டான். அந்தக் குரலை அவன் கேட்டதே இல்லை. வீட்டில் அவள் பேச்சு தொண்டையைத் தாண்டாது. இது தொண்டை நிறைய வந்தது, தூக்கம் தீர்ந்த கரகரப்போடு. அவன் முகத்தை டின் மறைத்திருந்தது. சட்டையில்லாத அவன் உடம்பைப் பகல் வெளிச்சத்தில் அவள் எப்போது பார்த்தாள், அடையாளம் தெரிய? பேசாமல் தோளைச் சாய்த்து ஊற்றினான். அவள் கம்பியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு குனிந்து குடித்தாள்.

"இன்னும் ஊத்து. பயப்படாத, சும்மாக் கேக்கல, துட்டு குட்து வந்துகீறோம்."

ஊற்றினான்.

"கீழ எங்க வூட்டுக்காரரு குந்திகினு இருப்பாரு. வெள்ளச் சட்ட. மேல வரச் சொல்லுப்பா." கொஞ்சம் நிறுத்திவிட்டு, குரல் இறங்கி, "நேரம் போவுதுன்னு சொல்லு" என்றாள்.

கீழேயிருந்து அய்யாத்துரை கத்தினார்: "இன்னும் பத்து நடை இருக்குவே!"

மஜீது டின்னை இறக்காமல் நின்றான். தண்ணீர் அவன் முதுகில் ஓடிக் கணுக்காலில் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கை இன்னும் உள்ளே போகவில்லை. கண்ணாடி வளையல்கள் முழங்கைக்குச் சரிந்திருக்க, விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, தாழ்வாரத்து வெயிலில் ஈரத்தைக் காயவைத்துக்கொண்டிருந்தது.