இரண்டாவது வழி

தந்தியைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டே ஸ்டானர்ட் துரைக்குக் கழுத்துப்பட்டை கட்டிவிட்டேன். அவருக்கு உடுத்திவிடும் வேலையில் இருபது வருஷப் பழக்கம், கை தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். ஹெதர்கில் மாளிகையிலிருந்து, பக்குவமாகச் சொல்லச் சொல்லி என் பெயருக்கே அனுப்பியிருந்தார்கள். துரையின் அப்பா, பெரிய பிரபு, காலை ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பிரபு வீட்டில் அப்பா செத்தால் மகனுக்கு அழக்கூட நேரம் கிடையாது. அங்கே மூச்சு நின்ற நிமிஷமே இங்கே மகன் பிரபு. பிரபு ஆனவருக்குப் பிரபுக்கள் சபையில்தான் நாற்காலி, மக்கள் சபையில் அவர் பேசவும் முடியாது, வாக்களிக்கவும் முடியாது. 'இந்தப் பட்டம் எனக்கு வேண்டாம்' என்று மகன் சொல்லவும் வழியில்லை.

துரை மக்கள் சபை உறுப்பினர். அன்று சாயங்காலம்தான் அங்கே அவருடைய மசோதா வாக்கெடுப்புக்கு வருகிறது. அதற்காக ஒன்பது வருஷம் நாயாய் அலைந்தவர். ஒவ்வொரு நிலக்கரிச் சுரங்கத்துக்கும் இரண்டாவதாக ஒரு வழி வெட்ட வேண்டும், ஒன்று இடிந்து மூடிக்கொண்டால் ஆட்கள் மற்றதில் ஏறி வரட்டும், அவ்வளவுதான் மசோதா. ஹெதர்கில் சுரங்கம் அவர் அப்பாவுடையது. அதற்கு ஒரே வழி. அந்த வழியில்தான் என் தம்பி சைலஸ் தினமும் இறங்குகிறான். மகன் பேச்செடுக்கும்போதெல்லாம் பெரியவர் ஆட்டுக்கறியை வெட்டிக்கொண்டே, "சட்டம் வரட்டும், பாக்கலாம்" என்பார். சாப்பாட்டு மேஜைக்குப் பின்னால் நின்று நானே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

அதனால்தான் தந்தியை மறைத்தேன். பாவம்தான், இருக்கட்டும். செத்தவர் சாயங்காலம் வரை காத்திருப்பார், சைலஸ் எத்தனை நாள் காத்திருப்பான்?

துரை அன்று நல்ல உற்சாகத்தில் இருந்தார். கண்ணாடி முன்னால் நின்று பேச்சை ஒருமுறை சொல்லிப் பார்த்தார். குரல் கம்முகிறதா என்று கேட்டார், இல்லை என்றேன். பிறகு திரும்பாமலே சொன்னார்:

"நாளைக்கு உன் தம்பிக்கு ஒரு கடுதாசி போடு லோமாக்ஸ். நல்ல சேதியா இருக்கும்."

அவர் முகத்தைப் பார்க்காமல் கோட்டை விரித்துப் பிடித்தேன்.

"கையை நீட்டுங்க, மை லார்ட்."

பாழாய்ப்போன நாக்கு. அந்த வீட்டில் வேலைக்குச் சேர்ந்த அன்றே தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தது அது. மகன் 'சார்', பிரபு 'மை லார்ட்'. சாவுச் சேதி தெரிந்ததும் நாக்கு என்னைக் கேட்காமலே மாறிக்கொண்டது. அறுத்துப் போட்டிருக்கலாம்.

ஒரு கை கோட்டுக்குள் நுழைந்திருக்க, துரை அப்படியே நின்றார்.

"எப்போ?"

"காலையில ஒம்பதரைக்கு."

தந்தியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டுக் கெஞ்சினேன். நம் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது, வாக்கெடுப்பு முடிந்த பிறகுதான் தந்தி வந்தது என்று எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்கிறேன் என்றேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"பழையபடி கூப்பிடு," என்றார். "ஒரே ஒரு தடவை. கேட்டுட்டு சபைக்குப் போயிடறேன்."

"சார்," என்றேன்.

பொய் என்று இருவருக்குமே கேட்டது. அவர் கோட்டிலிருந்து கையை உருவிக்கொண்டு, துக்கத்துக்குப் போடும் கறுப்புக் கோட்டை எடுத்து வரச் சொன்னார்.

ஆறே ஆறு வாக்கு வித்தியாசத்தில் மசோதா தோற்றது. அவர் போய்ப் பேசியிருந்தால் பத்துப் பேராவது மனம் மாறியிருப்பார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். அவரை நிறுத்தியது என் நாக்கு என்று யாருக்கும் தெரியாது.

ஹெதர்கில்லில் பெரியவரின் அடக்கத்தன்று நல்ல மழை. சவ வண்டிக்குப் பின்னால் போன தன் வண்டியில் துரை என்னையும் உள்ளே ஏறச் சொன்னார். பிரபு பேசாமல் நான் பேசக் கூடாது, ஆனாலும் பொறுக்கவில்லை. சுரங்கம் இப்போது உங்களுடையதுதானே, சட்டம் எதற்கு, நாமே வெட்டிவிடலாமே என்று கேட்டேவிட்டேன்.

கையுறையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நான் மட்டும் செலவு பண்ணி வெட்டினா, பக்கத்து சுரங்கக்காரன் வெலையக் கொறச்சு வித்து என்னைப் படுக்க வெச்சிடுவான். அப்புறம் உன் தம்பிக்கு வேலையே இருக்காது." கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு, "சட்டம் வரட்டும், பாக்கலாம்," என்றார்.

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். முகம் வெளுத்துவிட்டது. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, என்மேல்தான் வந்தது.

வண்டி சுரங்கத்து வாசலைக் கடந்தது. மேலே, ஆட்களை ஏற்றி இறக்கும் அந்த ஒற்றைச் சக்கரம் அன்று சுற்றாமல் நின்றிருந்தது. இருபுறமும் ஆட்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு மழையில் நின்றார்கள். எல்லோரும் சவ வண்டியைப் பார்க்க, சைலஸ் மட்டும் எங்கள் ஜன்னலைப் பார்த்தான். பிரபுவைப் பார்த்துச் சிரித்தான். சுரங்கம் நல்லவர் கைக்கு வந்துவிட்டது, இனி பயமில்லை என்கிற சிரிப்பு.

"திரையை இறக்கு," என்றார்.

"சரி, மை லார்ட்," என்று இறக்கினேன்.