அட்டைக் கிடாரத்தில் அவிந்த வேர்

தாஹிர் முதலாளிக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று: அவி, சுரண்டு, காயப்போடு. கடலட்டையை அப்படிச் செய்துதான் கிண்ணியாக் கரையில் வாடி என்னும் ஓலைக் கொட்டகை போட்டுப் பெரிய மனிதரானார். ஆகவே எழுபத்தெட்டாம் ஆண்டு மார்ச்சில், குளிரறை பழுதாகித் துறைமுகத்தில் நின்ற கொரியாக் கப்பலிலிருந்து இரண்டு பெட்டி பச்சை ஜின்செங் வேரை மலிவாக வாங்கி வந்தபோதும், யோசியாமல் அதே கட்டளையைத்தான் போட்டார். அட்டை வாங்க வரும் சிங்கப்பூர் லிம், உடம்புக்குச் சக்தி தரும் இந்த வேர் என்றால் உயிரை விடுவாராம். அவர் வர இன்னும் பத்து நாள் இருந்தது.

அடுப்படிக்குப் பொறுப்பு உம்மு குல்சும். பதினாறு வருஷம் அட்டை அவிக்கும் பெரிய கிடாரங்களோடு புகை தின்றவள். சொன்னபடி முதல் பெட்டியை, அட்டையைப் போலவே, நடுவில் தோல் சுரண்டி, இரண்டு தரம் அவித்தாள். தண்ணீர் தேயிலைச் சாயம்போல் நிறமேறி, சவர்க்காரம் கரைத்தாற்போல் நுரைத்து விளிம்பால் வழிந்தது. இதென்னடா கூத்து என்று சிரட்டையில் அள்ளி ஆற்றிக் குடித்துப் பார்த்தாள். கசப்பு நாக்கைப் பிடித்தது, பின்னால் மெல்ல ஓர் இனிப்பு வந்தது. பிறகு வேரைக் கடித்தாள். அவித்த மரவள்ளிக்காவது ஒரு ருசி உண்டு, இதற்கு அதுவுமில்லை!

"அடியே அசனா, இங்க வா!" பக்கத்து அடுப்புக்காரியைக் கூப்பிட்டாள். "சத்தெல்லாம் தண்ணியில இறங்கிப்போச்சு. நாம சக்கையைத்தான் காயப்போடப் போறம்."

நேரே முதலாளியிடம் போனாள்.

"மற்றப் பெட்டியை நான் தண்ணியில போடமாட்டன், முதலாளி. தோலோட வச்சு, பிட்டு மாதிரி ஆவியில அவிக்கப்போறன். சத்து உள்ளுக்கே நிக்கும்."

"உனக்கென்ன விசரா? இத்தனை வருஷம் அட்டையை எப்பிடி அவிச்சனீ?"

"அட்டைக்கு உடம்புதான் விலை, உள்ள கிடக்கிறது கழிவு. வேருக்கு உள்ள கிடக்கிறதுதானே விலை!"

"கதையைக் குறை. அந்தத் தண்ணியைக் கொண்டுபோய்க் கடல்ல கொட்டு. செய்து பார், ஆனா உன்ட வேரை லிம் வேண்டாமெண்டா, நீ பிறகு இந்தப் படலையைத் தாண்டி உள்ள வரப்படாது. விளங்கிச்சா?"

"நல்லா விளங்கிச்சு."

புருஷன் மௌத்தாகி ஆறு வருஷம். அவள் வீட்டு அடுப்பு எரிவது இந்த வாடி அடுப்பால்தான். ஆனால் நல்லதொரு பொருளைத் தெரிந்துகொண்டே பாழாக்க அவளுக்கு ஏலாது. கிடாரத்தில் கால்வாசித் தண்ணீர் விட்டு, மேலே மட்டைத் தட்டுக் கட்டி, வேரை அடுக்கி, ஈரச்சாக்கால் மூடி மூன்று மணித்தியாலம் எரித்தாள். சிவந்து வந்த வேர், வெயிலில் காயக் காயக் கறுத்துச் சுருங்கியது. முதலாளியின் வேரோ வெளிறி மினுமினுத்தது.

"கருக்கிப்போட்டாய்!" என்று தாஹிர் தலையில் அடித்துக்கொண்டார். அவளுடைய வேரை மூலையில் தள்ளி, சாக்கால் மூடியும் வைத்தார்.

லிம் வந்தார். வெளியாட்கள் வந்தால் பெண்கள் முன்னுக்கு வரக்கூடாது என்பது வாடிச் சட்டம். உம்மு குல்சும் கிடுகுத் தட்டிக்குப் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

லிம் வெள்ளை வேரைக் கடித்தார். துப்பினார்.

"சக்தி இல்ல," என்றார், அட்டை வியாபாரத்தில் பொறுக்கிய அரைத் தமிழில். "சக்தி எங்க போச்சு?"

"அடுப்படிப் பொம்பிளை பழுதாக்கிப்போட்டாள்," என்றார் தாஹிர், கொஞ்சமும் கூச்சமில்லாமல். "இண்டைக்கே அவளை நிப்பாட்டுறன்."

அவளுக்கு உச்சந்தலை கொதித்தது. அட பாவி மனுசா! முந்தானையை இழுத்துத் தலையை மூடினாள், மூலையிலிருந்த வேரைச் சுளகில் அள்ளினாள், சட்டமாவது மண்ணாவது என்று முன்னுக்கு வந்து லிம்முக்கு நேரே வைத்தாள்.

"இது நான் செய்தது. அது இவர் செய்யச் சொன்னது. ரெண்டையும் கடிச்சுப் பார்த்திட்டுச் சொல்லுங்க, ஆர் பழுதாக்கினதெண்டு!"

லிம் கறுத்த வேரை முறித்தார், மணந்தார், கடித்தார். கண்ணை மூடி நெடுநேரம் மென்றார்.

"இது வேர்!" என்றார் லிம். "எல்லாம் எனக்கு." பிறகு வெள்ளை வேரைக் காட்டி, "இதிட சக்தி எங்க?" என்று அவளிடமே கேட்டார்.

"அவிச்ச தண்ணியில இறங்கிப்போச்சு."

தாஹிர் துள்ளி எழுந்தார். "அந்தத் தண்ணி எங்க?"

"நீங்க கொட்டத்தான் சொன்னீங்க. எனக்கு மனம் வரல்ல. கற்கண்டு போட்டு, அடுப்படியில நாங்க ஏழு பேரும் ரெண்டு நாளாக் குடிச்சம்."

தட்டிக்குப் பின்னால் அசனா களுக்கென்று சிரித்தாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"உங்கட சக்தி எங்கட வயித்துக்குள்ள கிடக்கு, முதலாளி," என்றாள் உம்மு குல்சும். "இப்ப சொல்லுங்க, என்னை நிப்பாட்டப்போறீங்களா?"

தாஹிர் லிம்மைப் பார்த்தார். லிம் கறுத்த வேரை மென்றுகொண்டிருந்தார். தாஹிர் சுளகில் மிச்சமிருந்த வேரைச் சாக்கில் கொட்டி, வெறுஞ்சுளகை அவளிடம் நீட்டினார்.

"அப்ப சரி." அவள் சுளகைத் தட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். "நாளைக்கு மூண்டு வள்ளம் அட்டை வருது. விறகு காணாது. ஆளனுப்பி எடுப்பியுங்க."