உபதேசச் சட்டை

மூட்டைக் கிடங்கில் அவருக்கு டாக்டர் என்று பெயர். படித்து வாங்கிய பட்டமில்லை. சிகரெட்டை விட்டதிலிருந்து எதிரில் வருகிறவனையெல்லாம் நிறுத்தி நுரையீரலைப் பற்றிப் பேசியதால் ஆட்கள் வைத்தது.

அவர் விட்டதற்குக் காரணம் மகள். பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்தவள் முதல் நாளே முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிட்டாள்: "அப்பா, புகை வாடையோட வந்தா புள்ளையத் தரமாட்டேன்." இத்தனை வருஷ இருமல் சாதிக்காததை அந்தப் பேச்சு சாதித்தது. பாக்கெட்டைக் கசக்கி எறிந்தார்.

எறிந்தவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கிடங்கில் ஒரு வழக்கம். புகைக்கிறவர்கள் வேலைக்கு நடுவே பின்பக்கத் தகரக் கொட்டகைக்குப் போய்வரலாம். மேஸ்திரி கண்டுகொள்ள மாட்டார். புகைக்காதவன் மூட்டை தூக்க வேண்டியதுதான். டாக்டர் மட்டும் புகைக்காமலே கொட்டகைக்குப் போனார். நோயாளிகள் அங்கேதானே இருக்கிறார்கள்.

"வந்துட்டாருடா," என்பான் மச்சான். மனைவியின் தம்பி, அவனுக்கும் அங்கேதான் வேலை. "பத்தவைக்கறதுக்குள்ள ஆரம்பிச்சிருவாரு."

"உன் நல்லதுக்குத்தான் மச்சான் சொல்றேன்."

"மாமா, நாங்க இழுக்கறதவிட நீங்க பக்கத்துல நின்னு இழுக்கறதுதான் அதிகம்."

அவன் சொன்னது சாயங்காலம் பலித்தது. மகள் சட்டையை மோந்து பார்த்தாள். பிள்ளை அவள் தோளிலேயே இருந்துவிட்டது.

"சத்தியமா நான் தொடலம்மா."

"சட்டை வேற மாதிரி சொல்லுதே."

மறுநாளிலிருந்து ஒரு பழைய சட்டையைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டி எடுத்துப் போனார். கொட்டகைக்குப் போகும்போது அதைப் போட்டுக்கொள்வார். திரும்பியதும் கழற்றிப் பையில் கட்டி, முகம் கழுவி, வாயைக் கொப்பளிப்பார். புகைத்த காலத்தில்கூட இவ்வளவு திருட்டுத்தனம் பண்ணியதில்லை.

ஒரு நாள் புகை வாடையோடு அந்தப் பை மனைவி கையில் சிக்கியது. வேறு வழியில்லாமல் மச்சானைச் சாட்சிக்குக் கூட்டிவந்தார். அவன் வாசலில் கால் வைக்கும்போதே கொட்டகையின் வாடை மொத்தமும் கூடவே உள்ளே வந்தது.

"அக்கா, மாமா தொடறதேயில்ல. எங்களையும் நிம்மதியாத் தொட விடறதில்ல."

"அப்ப நீ விட்டுட்டியா?"

"இல்லக்கா."

"வேற யாராச்சும்?"

மச்சான் யோசித்தான். "ஒருத்தனும் இல்ல. இவரு பேச்சுல கடுப்பாகி, ஒண்ணு பிடிச்சவன் ரெண்டு பிடிக்கறான்."

மகள் குரலை உயர்த்தவில்லை. "சிகரெட்டையே விட்டீங்க. கொட்டகைய விட முடியாதாப்பா?"

மறுநாள் டாக்டர் கிடங்குக்குள்ளேயே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார். பின்பக்கம் இருமலும் சிரிப்பும் கேட்டன. சிகரெட்டை விட்டபோது விரல்தான் நமநமத்தது, இப்போது நாக்கு. மேஸ்திரி எட்டிப் பார்த்தார்.

"என்ன டாக்டரே, ஆஸ்பத்திரி லீவா? சும்மாதான இருக்கீங்க, அந்த லாரிய இறக்குங்க."

இறக்கினார். இடுப்பு விட்டுப்போயிற்று.

வீட்டில் மகள் காலரை மோந்தாள், கைமடிப்பை மோந்தாள். பிள்ளையை நீட்டினாள். நாளெல்லாம் மூட்டை சுமந்த கைகள் இந்தக் கனத்துக்குத்தான் பயந்தன. பிள்ளை அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, கட்டைவிரலை வாயில் வைத்துச் சப்பத் தொடங்கியது.

மகள் உள்ளே போகும்வரை டாக்டர் பொறுத்திருந்தார். பிறகு குனிந்து, ரகசியமாகச் சொன்னார்:

"கண்ணு, தாத்தா சொல்றேன்னு தப்பா நெனக்காத. இதெல்லாம் ஆரம்பத்துலயே விட்டுடணும்."