அறுபத்தோராவது ஊசி

றஹீமாவின் பின்னல் மெசினில் நூற்றிருபது ஊசிகள் இருக்க வேண்டும். இருந்தவை நூற்றுப் பத்தொன்பது. அறுபத்தோராவது ஊசி போன கதையைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

தறிக்குப் பேர்போன மருதமுனையில் பின்னல் மெசின் வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான். துரைமார் காலத்து இரும்பு. மலைநாட்டு பங்களா ஏலமொன்றில் அவளுடைய வாப்பா எடுத்துவந்தது. முதலாம் உலகப்போரில் சீமைப் பெண்கள் வீட்டிலிருந்தபடியே சிப்பாய்களுக்குக் காலுறை பின்னியதும் இப்படியான கைமெசின்களில்தான். தறியில் நூல்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். இதில் ஒரே நூல். அதை ஊசிக் கொக்கிகள் பிடித்து வளையத்துக்குள் வளையமாக இழுத்துக்கொண்டு போகும். ஓர் ஊசி குறைந்தால் அந்த இடத்தில் துணி நெடுக ஏணிபோல இடைவெளி விழும்.

2004 மார்கழி, ஒரு ஞாயிறு காலை. பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பிலிருந்து வேலைக்கு வரும் உசாந்தினி மெசினில் குனிந்திருந்தபோது கடல் சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. றஹீமாவின் புருஷனை அது எங்கே கொண்டுபோனதென்று இன்றுவரை தெரியாது. உசாந்தினியையும் இழுத்தது. ஆனால் அவளுடைய சடை ஊசிக் கொக்கிகளில் மாட்டிக்கொண்டது. மெசின் சீமெந்துத் தூணோடு முடுக்கியிருந்தது. கடல் ஒருபக்கம் இழுக்க, இரும்பு விடமாட்டேன் என்று நிற்க, உச்சந்தலைத் தோல் உள்ளங்கை அகலத்துக்குக் கிழிந்தது. தண்ணீர் வடிந்தபோது அவள் இரத்தத்தோடு மெசினில் தொங்கிக்கொண்டிருந்தாள், உயிரோடு. றஹீமா சடையை அறுத்தெடுக்கையில் முறிந்த ஊசியொன்று மயிரோடு வந்தது. அப்படி ஊசி இப்போது எங்கே கிடைக்கும்? உசாந்தினியின் வீட்டில் மிஞ்சியவன் புலிகள் இயக்கத்திலிருந்த அண்ணன் மட்டும். அன்றிலிருந்து அவளுக்கு றஹீமா வீடுதான் வீடு.

2009 சித்திரையில் நூல் வியாபாரி அபுல் ஹஸன் கறுப்புக் கம்பளி நூலோடு வந்தான்.

"ராத்தா, பன்னிரண்டு தொப்பி வேணும். கழுத்துமட்டும் வரணும். கண்ணுக்கு மட்டும் இடம் விடுங்க."

"ஆருக்குத் தம்பி இது?"

"மலநாட்டுத் தோட்டத்துக் காவல்காரங்களுக்கு. குளிருதாம்."

சித்திரை மாதத்தில் என்ன குளிர்? றஹீமாவுக்குச் சந்தேகம் வந்தது. வந்த சந்தேகத்தை அவள் விழுங்கிக்கொண்டாள். அந்த நாளில் ஊரே அதைத்தான் செய்தது. பன்னிரண்டையும் பின்னிக் கொடுத்தாள்.

வைகாசியில் ஒருநாள், நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்த நேரம், வாசலில் வான் ஒன்று வந்து நின்றது. மூன்றுபேர் இறங்கினார்கள். மூன்று தலையிலும் கறுப்புத் தொப்பி. ஒருவன் கையில் துவக்கு.

"கொண்ணன் எங்கடி?" துவக்குக்காரன் உசாந்தினியின் வயிற்றில் உதைத்தான். அவள் சுருண்டு விழுந்தாள். வாயே திறக்காத இன்னொருவன் அவளுடைய தலைமயிரைப் பிடித்து, அந்தப் பழைய தழும்போடு சேர்த்து, வாசலுக்கு இழுத்தான்.

"அவள விடுங்க! அவளுக்கு ஒண்டும் தெரியா!" குறுக்கே விழுந்த றஹீமாவின் முகத்தில் துவக்குப்பிடி இறங்கியது. இரண்டு பல் உடைந்தது. தரையில் கிடந்து நிமிர்ந்தபோதுதான் கண்டாள். இழுக்கிறவனின் இடது கன்னத்தில், தொப்பி நெடுக, ஏணிபோல இடைவெளி. அவளுடைய மெசினில் ஊசி இல்லாத இடம்.

அவளுக்குள் ஏறிய வெறி கொஞ்சநஞ்சமல்ல. நழுவிய வளையங்களைத் தூக்கும் கொக்கியைக் கையிலெடுத்து, அந்த இடைவெளிக்குள் குத்தி, முழுப் பலத்தோடும் கீழே இழுத்தாள். கம்பளியும் கிழிந்தது, கன்னமும் கிழிந்தது. வெளியே வந்தது அபுல் ஹஸனின் முகம்.

"அபுல் ஹஸன்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். பக்கத்துத் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. பெண்கள் வேலியில் வந்து நின்றார்கள்.

துவக்குக்காரன் அவனைப் பார்த்தான். "மூஞ்சக் காட்டிட்டியேடா. இனி நீ வாய் திறந்தா நாங்க எல்லாரும் முடிஞ்சம்."

உசாந்தினியை விட்டார்கள். அபுல் ஹஸனைப் பிடித்தார்கள். அவன் கதவுநிலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கதறினான். "ராத்தா! நான் ஒண்டும் கதைக்கமாட்டனெண்டு சொல்லுங்க ராத்தா!" துவக்குப்பிடி அவன் விரல்களை நசுக்கியது. றஹீமா ஒரு வார்த்தை சொல்லவில்லை. மனதாரத்தான் சொல்லவில்லை.

நாலாம் நாள் கல்முனைச் சந்தியில் வெடி கொளுத்தினார்கள். போர் முடிந்துவிட்டதாம். அன்றுதான் அபுல் ஹஸனின் மையித்து கடற்கரை மணலில் கிடைத்தது. அடக்கம் முடிந்த மறுநாள், புருஷனுக்குத் துக்கம் காக்கும் இத்தாவில் வெளியே வரக்கூடாத அவன் பெண்சாதி, முக்காட்டோடு றஹீமாவின் வாசலில் வந்து நின்றாள்.

"அவர் செஞ்சது எனக்குத் தெரியும் ராத்தா. மத்த ரெண்டுபேர்ட மூஞ்சி தெரிஞ்சுதா?"

"மூடியிருந்தாங்க, புள்ள."

"என்னத்தால?"

மெசினடியில் இருந்த உசாந்தினி தலையைக் குனிந்துகொண்டாள். றஹீமா மெசினைக் கைகாட்டினாள்.

"நான் பின்னின தொப்பியால."

வந்தவள் அழவில்லை, திட்டவுமில்லை. "எத்தின பின்னினீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"பன்னிரண்டு."

கிழிந்தது ஒன்று. மற்றப் பதினொன்றும் ஊருக்குள்ளேதான் இருந்தன.