வயிற்றிலுண்டு

கொழுந்து பறிக்கப் புறப்பட்ட அன்னாள், சேலைக்கு மேல் சாக்கைச் சுற்றிக்கொண்டு முதுகைக் காட்டி நின்றாள். புருஷன் வேதமுத்து கயிற்றை முடிந்தான்.

"இறுக்காதிய."

"இதுக்கு மேல தளத்துனா நடக்கைல அவுந்துரும்ளா."

"அவுந்தா அவுரட்டும். கயிறு பட்டாலே உசுரு போவுது."

அடிவயிற்றில் வலப்பக்கம் ஏதோ உருண்டு திரண்டிருந்தது. வலி எழுந்தால் முந்தானையைக் கடித்துக்கொண்டு குந்திவிடுவாள். வேர்த்து ஊற்றும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்து கொழுந்தைக் கிள்ளுவாள்.

போன மாதம் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தான். டாக்டர் மலையாளி. அவரிடம் அவர் பேச்சில் சொன்னால்தான் மரியாதை என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தவள், "வயித்துல உண்டு டாக்டரே. சகிக்க முடியல" என்றாள்.

டாக்டர் சிரித்தார். "எத்தர மாசமாயி?"

வலி வந்து எத்தனை மாதம் என்று கேட்கிறார் என நினைத்து, "நாலு" என்றாள்.

வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை. சத்து மாத்திரை கொடுத்து, ஏற்றமில்லாத பக்கம் பறிக்க விடச் சொல்லிக் கங்காணிக்கு ஆள் அனுப்பினார். மலையாளத்தில் 'வயிற்றிலுண்டு' என்றால் கர்ப்பம் என்பது வேதமுத்துவுக்கே வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

அடுத்த வீட்டுச் செபமாலையம்மாள் கன்னத்தைக் கிள்ளினாள். "பன்னெண்டு வருசம் சும்மா கெடந்துட்டு, இப்பம்லா வாரான் மவராசன்!"

"போன வாரங்கூட தூரமானேன்க்கா."

"சில பேருக்கு அப்படித்தான்ளா. டாக்டருக்குத் தெரியாததா?"

அதற்கப்புறம் அவள் வலி என்று சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளைத்தாய்ச்சிக்கு வலிக்காதா என்ன?

சாக்குக் கட்டிப் போன அன்று உச்சிப்பொழுதில், தேயிலைக்குள் சுருண்டு விழுந்தாள். கம்பளியில் போட்டுத் தூக்கி வந்தார்கள். டாக்டர் எட்டிப் பார்த்து, "அலசிப்போயி" என்றார். கரு கலைந்துவிட்டதாம். ஜீப்பில் ஏற்றிக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வயிற்றைத் திறந்த டாக்டர் வெளியே வந்து வேதமுத்துவிடம் கேட்டார்:

"கர்ப்பம்னு யாருய்யா சொன்னது? சூல்பையில கட்டி. முறுக்கிக்கிட்டு அழுகிப்போச்சு. முன்னமே வந்திருந்தா பொழச்சிருப்பா."

விடிவதற்குள் அன்னாள் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்ததும் கங்காணி மாரப்பன் வந்தார். "வயித்துப் பிள்ளையோட போனவ. எறக்காத சுமை அவளுக்கு. சுமைதாங்கிக் கல்லு நட்டாத்தான் பாரம் எறங்கும். நீங்க கிறிஸ்தவ வேதமானாலும் வழக்கம் வழக்கந்தானப்பா."

"பிள்ள இல்ல கங்காணி, கட்டி. அறுத்துப் பாத்தவரே சொன்னாரு."

"நம்ம டாக்டரு நாலு மாசம்னு சொன்னாருல்லா? நீ துக்கத்துல பேசுத."

கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்குப் போகும் ஏற்றத்தில் கல் நட்டார்கள். இன்றும் நிற்கிறது. பெண்கள் கொழுந்து மூட்டையை அதன்மேல் இறக்கி, மூச்சு வாங்கிவிட்டுப் போகிறார்கள். மூட்டை உரசி உரசிக் கல் வழவழத்துவிட்டது. எழுத்து மட்டும் அழியவில்லை: 'அன்னாளும் சிசுவும். 1974.'