முதல் தளத்தில் ஆள் நிற்கும்போது

எனக்கு ஒரு கெட்ட குணம். ஏதாவது மனதை இடித்தால் அதைக் குடைந்து பார்க்காமல் சாப்பாடு இறங்காது. அந்த ஜூன் மாதம் எங்கள் பேஸ்பால் ஆட்டங்களில் என்னை இடித்தது இதுதான்: முதல் தளத்தில் எதிரணி ஆள் ஒருவன் வந்து நின்றுவிட்டால் போதும், அடுத்து வரும் பேட்டர் எந்தச் சோப்ளாங்கியாக இருந்தாலும் பந்து போடும் எங்கள் பிட்சர்களை வெளுத்து வாங்கினான். தளம் காலியாக இருக்கும்போது அதே ஆட்கள், அதே பிட்சர்களிடம், தடவிக்கொண்டு நின்றார்கள்.

என் பெயர் மார்லா டெட்ஸ்லாஃப். அயோவாவில் மிசிசிப்பிக் கரையில் இருக்கும் ஃபோர்ட் கார்வர் ஊரின் கெளுத்திகள் அணியில், பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர்களைப் பழக்கும் வேலை எனக்கு. இங்கிருந்து பெரிய லீகுக்கு இன்னும் மூன்று படி ஏற வேண்டும். பதினெட்டு வருடம் சாஃப்ட்பாலில் முகமூடி போட்டு உட்கார்ந்து எழுந்ததில் என் முழங்கால்கள் இரண்டும் போய்விட்டன. வாய் மட்டும் பழுதில்லாமல் இருக்கிறது.

எங்கள் கேட்சர் யோர்வின் கால்தெரா. வெனிசுவேலாக்காரன், இருபது வயது. இரண்டு வருடத்துக்கு முன்புவரை வேறு இடத்தில் நின்று ஆடியவனை, கையைப் பார்த்துவிட்டு கேட்சராக மாற்றினார்கள். அப்படிப்பட்ட கை. பிட்சர் பந்து போடும் நேரம் பார்த்து, முதல் தளத்தில் நிற்பவன் இரண்டாவதைத் திருட ஓடினால், இவன் உட்கார்ந்த இடத்திலிருந்து எறியும் பந்து அவனுக்கு முன்னால் போய்க் காத்திருக்கும். அதுவரை நாற்பத்தியொரு பேர் திருடப் பார்த்து, இருபத்துமூன்று பேர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். பாதிக்கு மேல்! எங்கள் லீகில் அப்படி ஒரு கேட்சர் வேறு யாரும் இல்லை.

முதலில் நான் சந்தேகப்பட்டது பிட்சர்களைத்தான். லோவல் ப்ரூயிட்டைப் பிடித்தேன். ஓக்லஹோமாக்காரன், இருபத்தேழு வயது, இந்தப் படிக்கு அது கிழவயது. பெஞ்சில் உட்கார்ந்து சூரியகாந்தி விதையைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தான்.

"ப்ரூயிட், ஆள் ஓடிடுவான்னு பயந்து அவசரமா போடறியா? பந்துல சரக்கு குறையுதா?"

"சரக்கெல்லாம் அப்படியேதான் இருக்கு கோச்."

"அப்ப ஏன் இந்த அடி வாங்கற?"

அவன் ஒரு தோலைத் துப்பினான். "என்னைக் கேட்டா? பந்தைப் போடறவன் நான். எந்தப் பந்துன்னு சொல்றவன் அங்க முட்டி போட்டு உக்காந்திருக்கான்."

"பிடிக்கலைன்னா மாட்டேன்னு தலையாட்ட வேண்டியதுதானே?"

"நல்லா இருக்கே! அவன்கிட்ட தலையாட்டினா நாளைக்கே என்னை மூட்டை கட்டச் சொல்லிடுவாங்க. கிளப் வளர்க்கிற பயிர் அவன், நான் எரு. எரு வாயைத் திறக்கக் கூடாது."

வேறு எதுவும் சொல்லமாட்டேன் என்று எழுந்து போய்விட்டான். எனக்குக் குடைச்சல் அதிகமாயிற்று.

வியாழக்கிழமை மழை பெய்து ஆட்டம் நின்றது. பழைய ஆட்டங்களின் படத்தைப் போட்டு உட்கார்ந்தேன். பேட்டரைப் பார்த்தேன், பிட்சரைப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் அலுத்துப்போய் யோர்வினின் விரல்களைப் பார்த்தேன். எங்கள் படியில் இன்னும் விரல் ஜாடைதான். தொடைகளுக்கு நடுவே ஒரு விரல் காட்டினால் வேகப்பந்து, இரண்டு காட்டினால் வளைபந்து, மூன்று என்றால் வேகம் குறைத்த பந்து. தளம் காலியாக இருக்கையில் ஒன்று, இரண்டு, ஒன்று, மூன்று என்று அழகாகக் கலந்து காட்டினான். முதல் தளத்தில் ஆள் வந்ததும் ஒன்று. ஒன்று. ஒன்று. மறுபடியும் ஒன்று. ஐம்பது பந்து எண்ணினேன். நாற்பத்தாறு வேகப்பந்து.

அடப்பாவி, என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். வேகப்பந்து சீக்கிரம் வந்து சேரும், நேராக வரும், பிடித்த கையோடு எறியலாம். வளைபந்து மெதுவாக வந்து மண்ணில் விழும், அதைப் பொறுக்கி எடுத்து எறிவதற்குள் திருடன் தளத்தில் நின்று தூசி தட்டுவான். ஆக, பையன் திருடனைப் பிடிப்பதற்காகப் பந்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தான். அது லீகில் இருந்த பேட்டர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தெரியாதது எனக்கு மட்டும்தான்.

மறுநாள் அவனைக் கூப்பிட்டு, திட்டாமல், கேள்வியாகவே கேட்டேன். "முதல் தளத்துல ஆள் இருந்தா நீ ஏன் ரெண்டு விரல் காட்டறதே இல்ல?"

அவன் வெகுநேரம் யோசித்தான். பொய் சொல்லத் தேடிய மாதிரி இல்லை. தன்னையே முதல்முறையாகப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"வளைபந்துன்னா லேட்டாயிடும் கோச். ரெண்டு செகண்டுக்கு மேல போயிடும்."

"போனா என்ன?"

"நீங்க சிவப்புல எழுதுவீங்களே."

உடை மாற்றும் அறைக்குப் போகும் வழியில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. பந்து கையுறையில் விழுந்ததிலிருந்து இரண்டாம் தளத்துக்குப் போய்ச்சேர எத்தனை செகண்டு ஆனது என்று, கேட்சர் எறிகிற ஒவ்வொரு எறியையும் நான் அதில் எழுதுவேன். இரண்டுக்குள் என்றால் கறுப்பு மை. தாண்டினால் சிவப்பு. சும்மா ஒரு உற்சாகத்துக்கு என்று ஏப்ரலில் நானே ஆரம்பித்தது. ஏப்ரலிலிருந்து அவன் பெயருக்கு எதிரே ஒரு சிவப்பு எழுத்துகூட இல்லை. எனக்கு அதில் எவ்வளவு பெருமை! இப்போது வெட்கமாகப் போயிற்று.

"அந்தப் பலகையை இன்னிக்கே துடைச்சிடறேன்," என்றேன்.

"வேணாம் கோச். மத்தவங்க ஏன்னு கேப்பாங்க."

மெதுவாகச் சரிசெய்வோம் என்று முடிவு செய்தோம். தினமும் காலையில் மண்ணில் விழும் வளைபந்து அறுபது. ஒரு மாதம் ஆகட்டும், அவசரமில்லை. சனிக்கிழமை ஆட்டத்தில் ஒரே ஒரு முறை துணிந்து இரண்டு விரல் காட்டினான். பந்து கால்களுக்கு நடுவே பூந்து பின்சுவர் வரை ஓடியது. திருடன் மூன்றாம் தளம் போய், பிறகு ரன்னும் எடுத்தான். யோர்வின் பழையபடி ஒற்றை விரலுக்கே திரும்பிவிட்டான்.

ஞாயிறு மதியம் கிரெய்க் ஃபென்டன் போன் செய்தார். கீழ்ப்படி அணிகள் எல்லாவற்றுக்கும் தலைவர் அவர்தான். யார் ஏறுவது, யார் வீட்டுக்குப் போவது எல்லாம் அவர் கையில்.

"மேல்படி கேட்சருக்குக் கட்டைவிரல் உடைஞ்சிருச்சு மார்லா. புதன்கிழமை வரேன். உங்க பையன் கையைப் பாக்கணும். சொன்ன மாதிரியே இருந்தா வியாழக்கிழமையே கூட்டிட்டுப் போயிடுவேன்."

"அவன் இன்னும்..." என்று இழுத்தேன்.

"இன்னும் என்ன?"

"ஒண்ணுமில்ல. வாங்க."

அந்த 'ஒண்ணுமில்ல' எங்கிருந்து வந்தது என்று இன்றும் யோசிக்கிறேன். பையன் மேல் உள்ள பாசம் கொஞ்சம். அவனோடு கையெழுத்துப் போட்டு வந்த நான்கு பேரை அந்த வசந்தத்தில் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் ஒரு கேட்சர் ஏறினால் பழக்கியவள் பெயரும் ஏறும். ஆண்கள் மட்டுமே இருந்த வேலையில் ஒரு பெண்ணின் பெயர். அந்த ஆசையும் இருந்தது, மறைப்பானேன்?

புதன்கிழமைகளில் எங்களுக்குப் பள்ளிப் பிள்ளைகள் ஆட்டம். காலை பதினொரு மணிக்கே இரண்டாயிரம் வாண்டுகள் பஸ்ஸில் வந்து இறங்கி, காரணமே இல்லாமல் கத்தும். ஃபென்டன் கேட்சர் உட்காரும் இடத்துக்கு நேர்பின்னால், செகண்டு எண்ணும் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தார். யோர்வின் காலில் கவசம் கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"இங்க பாரு. இன்னிக்கு ஒரு நாள் மட்டும் பழைய மாதிரியே ஆடு. ஒத்தை விரல். பிடி, எறி. நாளையிலேருந்து திருத்திக்கலாம்."

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "நீங்களா கோச் சொல்றீங்க?"

"நான்தான் சொல்றேன்."

"சரி கோச்," என்றான்.

அன்று பிட்சர் ப்ரூயிட். இரண்டாம் இன்னிங்ஸில் எதிரணியின் வேகமான ஓட்டக்காரன் முதல் தளத்துக்கு வந்தான். பிள்ளைகள் "எறி! எறி!" என்று அப்போதே ஆரம்பித்துவிட்டார்கள். ஃபென்டன் கடிகாரத்தைத் தூக்கிப் பிடித்தார். யோர்வின் விரலைக் காட்டினான். பெஞ்சிலிருந்து எனக்கு விரல் தெரியாது. ஆனால் ப்ரூயிட் வாய் பிளந்தது தெரிந்தது. பந்து போடும் மேட்டிலிருந்து காலை எடுத்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்து, மறுபடி குனிந்து பார்த்தான். அதே ஜாடைதான் போலிருக்கிறது. மெல்லத் தலையை ஆட்டினான், சரி என்று.

வளைபந்து. வேகப்பந்துக்காகக் காத்திருந்த பேட்டர் காற்றைச் சுழற்றி அடித்து, நிலைதடுமாறி ஒரு முட்டியில் விழுந்தான். பந்து மண்ணில் பட்டது. யோர்வின் அதன் மேல் கவிழ்ந்து நெஞ்சால் அமுக்கினான். கால்களுக்கு நடுவே போகவில்லை. ஓட்டக்காரன் நடந்தே போகலாம் என்கிற மாதிரி இரண்டாம் தளத்துக்குப் போனான். யோர்வின் எறியவே இல்லை. இரண்டாயிரம் பிள்ளைகளும் சேர்ந்து ஊளையிட்டார்கள். ஃபென்டன் கடிகாரத்தை மடியில் வைத்தார்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. சொன்ன பேச்சைக் கேட்கவில்லையே! அந்தப் பேட்டர் இன்னும் இரண்டு பந்தில் அவுட்டானான். அடுத்தவனும் அவுட். ஓட்டக்காரன் ரன் எடுக்க வழியில்லாமல் இரண்டாம் தளத்திலேயே இடுப்பில் கை வைத்து நின்றான். என் கோபம் எப்போது ஆர்வமாக மாறியது என்று தெரியவில்லை. நான்காம் இன்னிங்ஸில் பெஞ்சின் நுனிக்கு வந்துவிட்டேன். அன்று நான்கு பேர் திருட ஓடி, நான்கு பேரும் தப்பித்தார்கள். இரண்டு முறை எறிந்தான், இரண்டும் தாமதம். ஆனால் மூன்றுக்கு ஒன்று என்று நாங்கள் ஜெயித்தோம். ப்ரூயிட் ஒன்பதில் ஏழு இன்னிங்ஸ் போட்டான். அந்த வருடம் அவன் அவ்வளவு போட்டதே இல்லை.

ஃபென்டன் வாசலில் என்னைப் பிடித்தார். "பையனுக்குத் தோள் வலியா?"

"இல்ல."

"அப்புறம் என்ன இது? நான் கையைப் பாக்க வந்தேன்."

ஞாயிற்றுக்கிழமை விழுங்கியதை எல்லாம் அப்போது சொன்னேன். ஒற்றை விரல், பலகை, சிவப்பு மை, காலையில் நான் அவன் காதில் ஓதியது, எதையும் விடவில்லை. அவர் கேட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பையில் போட்டார்.

"நாளைக்கு எனக்கு எறியறவன் ஒருத்தன் வேணும். வேற ஊர்ல ஒருத்தன் இருக்கான், அவனைக் கூட்டிட்டுப் போறேன்," என்றார். "இதை நீங்க ஞாயித்துக்கிழமையே சொல்லியிருக்கலாம்."

"ஆமா. சொல்லியிருக்கணும்."

யோர்வின் பலகை இருக்கும் வழியில் தரையில் உட்கார்ந்து, கடலைவெண்ணெய் ரொட்டி தின்றுகொண்டிருந்தான். நெஞ்சில் மண் அப்பியிருந்தது.

"நான் போகல, இல்ல?" என்றான்.

"இல்ல."

ரொட்டியைக் கீழே வைத்துவிட்டான். கண் கலங்கியது. அதை அவன் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

"ஏன்டா? நான்தான் ஒத்தை விரல் போதும்னு சொன்னேனே?"

"நீங்கதானே அன்னிக்கு ஏன்னு கேட்டீங்க. அதுலேருந்து எனக்குத் தூக்கமே வரல கோச். அந்த இடத்துல வளைபந்து வந்தா அவன் என்ன பண்ணுவான்? பாத்தே ஆகணும்னு இருந்துச்சு." மூக்கை உறிஞ்சினான். "இங்கன்னா தப்பாப் போனாலும் மறுநாள் காலைல அறுபது பந்து போடுவீங்க. மேல போனா தப்பு பண்ண விடுவாங்களா?"

அதற்குள் ப்ரூயிட் தோளில் ஐஸ் கட்டிக்கொண்டு அந்த வழியாக வந்தான். யோர்வினைக் காலால் லேசாக இடித்தான்.

"டேய் பயிரு. திங்கக்கிழமை லீவு, செவ்வாய்க்கிழமை நான் போடறேன். நீதானே உக்காருவ?"

"நான்தான்."

"ம். அப்ப சரி." விதைத் தோலைத் துப்பிக்கொண்டே போய்விட்டான். எந்தக் கேட்சர் என்று அவன் கேட்டு நான் அதுவரை பார்த்ததில்லை.

பலகையில் அன்றைய கட்டம் காலியாக இருந்தது. இரண்டு மார்க்கரும் என் கையில்தான் இருந்தன, எழுத மனம் வரவில்லை. யோர்வின் எழுந்து வந்து, சிவப்பு எதுவென்று பார்த்து என் விரல்களிலிருந்து அதை உருவினான். தன் பெயருக்கு எதிரே 2.11 என்று எழுதினான். அதன் கீழே 2.14. பிறகு ஒரு அடி பின்னால் போய் நின்று பார்த்தான்.

"கோச், ஆறாவது இன்னிங்ஸ்ல ஒருத்தன் மட்டும் ஏமாறல, கவனிச்சீங்களா? வளைபந்துன்னு அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

எனக்கும் தெரியவில்லை. படத்தைப் போட்டுப் பார்க்கலாம் வா என்று இரண்டு பேரும் உள்ளே போனோம்.